மருந்தில்லா வைத்தியத்துக்கு மூன்றாம் ஜன்னல்

மனித குலத்தின் கால்களுக்கு இதுவரை மூன்று பெரும் நன்மைகள் வாய்த்திருக்கின்றன. முதலாவது செருப்பு. இரண்டாவது மிதிவண்டி. மூன்றாவது, சான்றுகள் சரிபார்ப்பு அலுவலகம். செருப்பைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரென்று இன்றைக்கு யாருக்கும் கவலையில்லை. அலுவலகத்தின் பெருமையும் அப்படிக் காணாமல் போய்விடக் கூடாது. ஆகவேதான், அதன் தலைமை எழுத்தருக்கு ஒரு மாத்திரைகூட விழுங்காமல் கால் குணமான வரலாற்றை இங்கே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

தலைமை எழுத்தர் தங்கமான மனிதர். இருபத்து மூன்று வருட சர்வீஸ். இடுப்புக்கு மேலே அவர் முழுக்க முழுக்க விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். இடுப்புக்குக் கீழே இருந்த இரண்டு கால்கள்தான் யார் பேச்சையும் கேட்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆக வேண்டியதுதான், கெண்டைக்காலுக்குள் எறும்புக் கூட்டம் ஊர்வது மாதிரி ஒரு குறுகுறுப்பு கிளம்பும். காலை ஆட்டினால் அடங்கும். நிறுத்தினால் மறுபடி ஊரும். அதனால் மேசைக்குக் கீழே காலை முதல் மாலை வரை ஆட்டம்தான். அலுவலகத்தில் அவருக்குத் 'தையல் மிஷின்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"சார், சும்மாதானே மிதிக்கிறீங்க, என் பேன்ட்டுக்கு ஒரு ஓரம் அடிச்சுக் குடுங்களேன்" என்று கேட்காத ஊழியர் இல்லை.

ஆபீசில் இது தமாஷ். வீட்டில் தமாஷ் இல்லை. படுத்தால் கால்கள் தனிக்குடித்தனம் போய்விடும். உதை முழுவதும் மனைவிக்கு. அந்த அம்மாள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். காலை ஐந்தரைக்கு வண்டியை எடுக்க வேண்டும்.

ஒரு நாள் சாயங்காலம் அவர் பஸ் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, கைப்பையைக்கூடக் கழற்றாமல் கணவர் எதிரே உட்கார்ந்தார்.

"என்னங்க, இன்னைக்கு சிக்னல்ல கண்ணசந்துட்டேன்."

"ஐயையோ!"

"பின்னாடியிருந்து ஒரு வாண்டு, 'டிரைவர் ஆன்ட்டி, பச்சை விழுந்துடுச்சு'ன்னு எழுப்புது. நாப்பது பிள்ளைங்க வண்டியில."

"நான் வேணும்னா ஹால்ல படுத்துக்கிறேன்மா."

"போன வாரம் படுத்தீங்களே, என்ன ஆச்சு? நீங்க உதைச்ச உதையில சோபா நகர்ந்து வந்து ரூம் கதவை அடைச்சிருச்சு. நான் ஜன்னல் வழியா பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியதாப் போச்சு."

தலைமை எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நேரத்திலும் கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"ஒரு மாசம் பாப்பேன். காலு அடங்கலேன்னா எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். கோபமெல்லாம் இல்லீங்க. எனக்குத் தூக்கம் வேணும், அவ்வளவுதான்."

கோபித்துக்கொண்டு சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். கோபமே இல்லாதவரிடம் எதைச் சொல்லிச் சமாதானம் செய்வது? கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அந்த அம்மாள் இல்லாத வீட்டை அவர் பார்த்ததில்லை. பார்க்கும் ஆசையும் அவருக்குக் கிடையாது.

மறுநாளே டாக்டரிடம் ஓடினார். டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார், முழங்காலைத் தட்டிப் பார்த்தார், கேள்விகள் கேட்டார்.

"இரும்புச்சத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு. இப்போதைக்கு மருந்து வேண்டாம். மதியத்துக்கு மேல காபியைத் தொடாதீங்க. படுக்கப் போறதுக்கு முன்னாடி வெந்நீர்ல காலை வச்சிட்டு, கெண்டைக்காலை நல்லா நீவி விடுங்க. முக்கியமா, பகல் முழுக்க ஒரே இடத்துல உட்காராதீங்க. மணிக்கொரு தரம் எழுந்து நடங்க."

"மணிக்கொரு தரமா?"

"ஏன், முடியாதா? அப்படி என்ன வேலை பாக்குறீங்க?"

தலைமை எழுத்தர் சொன்னார். டாக்டரம்மா அவரைக் கொஞ்ச நேரம் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "முயற்சி பண்ணுங்க" என்றார்.

காபி, வெந்நீர், நீவுதல் மூன்றும் வீட்டு விவகாரம். எளிதில் முடிந்தது. நடப்பது அலுவலக விவகாரம். சான்றுகள் சரிபார்ப்பு அலுவலகத்தில் யாரும் கண்டபடி எழுந்து நடந்துவிட முடியாது. அதற்கென்று ஒரு நகர்வுப் பதிவேடு உண்டு. நாற்காலியை விட்டு எழுபவர் எழும் நேரம், செல்லும் இடம், நோக்கம், திரும்பும் நேரம் ஆகிய நான்கையும் அதில் எழுதிக் கண்காணிப்பாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இந்த ஏற்பாட்டினால் ஊழியர்கள் பெரும்பாலும் எழுவதையே விட்டுவிட்டார்கள்.

"எங்க போறீங்க?" என்றார் கண்காணிப்பாளர்.

"நடக்கப் போறேன் சார்."

"அது தெரியுது. எங்கன்னு கேட்டேன்."

"எங்கயும் இல்ல சார். அப்படியே நடந்துட்டு வந்துடுவேன்."

கண்காணிப்பாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருட அனுபவத்தில் இப்படியொரு பதிலை அவர் கேட்டதில்லை. "எங்கயும் இல்லேன்னு எழுத இதுல கட்டம் இல்லையே! சரி, நோக்கம்?"

"காலுக்காக சார்."

"காலுக்காகன்னா? காலு யாரு? மனுதாரரா?"

இருவரும் அரை மணி நேரம் விவாதித்தார்கள். கடைசியில் கண்காணிப்பாளரே ஒரு வழி கண்டார். அவரும் இரக்கமுள்ளவர்தான். கையில் ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு நடந்தால், செல்லும் இடம் அடுத்த மேசை என்றும் நோக்கம் கோப்பு நகர்த்தல் என்றும் எழுதிவிடலாம். கட்டம் நிறைந்துவிடும். விதியும் மீறப்படாது. அந்த நல்ல மனிதர் செய்த ஒரே தவறு இதுதான்.

தலைமை எழுத்தர் தன் மேசையின் வலது பக்கம் அடுக்கியிருந்த கோப்புக் கட்டிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். அங்கே உட்கார்ந்திருந்த அம்மாள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் இது?"

"ஃபைலும்மா."

"அது தெரியுது சார். என்கிட்ட எதுக்கு?"

"உங்ககிட்டதான் அனுப்பணும்னு நாலு வருஷம் முன்னாடியே எழுதியிருக்கேம்மா."

"எழுதினா எழுதினதுதானே சார்! அதுக்காக இப்படிக் கொண்டாந்து குடுக்கறதா? திடுக்குன்னு ஆயிடுச்சு எனக்கு."

மணிக்கொரு தரம் என்று டாக்டர் சொன்னதை அவர் தட்டவில்லை. ஒரு நாளைக்கு எட்டு நடை. நடைக்கு ஐந்து கோப்பு. கோப்பு வந்து மேசைமேல் உட்கார்ந்துகொண்டு முறைத்தால் மனிதர்கள் எத்தனை நேரம் தாங்குவார்கள்? அந்த அம்மாள் ஊசியை வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். போட்டதைத் தலைமை எழுத்தரே எடுத்துக்கொண்டு மூன்றாவது மேசைக்கு நடந்தார். காலுக்கு அது இன்னும் கொஞ்சம் தூரம், இன்னும் கொஞ்சம் சுகம்.

முதல் வாரத்திலேயே பலன் தெரிந்தது. வீட்டில் ஒரு நாள் விடியற்காலையில் மனைவி பதறியடித்துக்கொண்டு எழுந்து கணவரின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார்.

"என்னம்மா?" என்றார் அவர் தூக்கக் கலக்கத்தில்.

"ஒண்ணுமில்லீங்க. உதையே விழலையா, பயந்துட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வாரம் பள்ளிக்கூட பஸ் எல்லா சிக்னலிலும் ஒழுங்காகக் கிளம்பியது.

ஆனால் அலுவலகத்தில் நிலைமை கை மீறிப் போய்க்கொண்டிருந்தது. பதினைந்து நாளில் அறுபத்தோரு சான்றுகள் சரிபார்க்கப்பட்டு, முத்திரை குத்தப்பட்டு, உரியவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. வாங்கியவர்கள் நன்றி சொல்ல நேரிலேயே வந்தார்கள். காவலாளி அதுவரை நன்றி சொல்ல வந்தவர் எவரையும் பார்த்ததில்லையாதலால், கலவரக் கும்பல் என்று நினைத்து கேட்டைப் பூட்டிவிட்டார்.

கண்காணிப்பாளர் அவசரக் கூட்டம் போட்டார்.

"ஒருத்தருக்கு மனு குடுத்த எட்டாம் நாள் சான்று போயிருக்கு. எட்டாம் நாள்! வெளியில என்ன நினைப்பாங்க? கை நீட்டி வாங்கிட்டோம்னு நினைக்க மாட்டாங்களா? இத்தனை வருஷமா நாம கட்டிக் காப்பாத்தின பேரு என்ன ஆறது?"

"எல்லாத்துக்கும் காரணம் சாரோட காலுதான்" என்றார் ஸ்வெட்டர் அம்மாள். அவருடைய ஸ்வெட்டர் ஒரு கையோடு நின்றுபோயிருந்தது.

பழிவாங்கும் எண்ணம் அங்கே யாருக்கும் இல்லை. சக ஊழியர் ஒருவர் நோயால் அவதிப்படுகிறார், அவருக்கு 'முறையான' நிவாரணம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். ஏழு பேர் கொண்ட கால் அமைதிக் குழு உடனடியாக அமைக்கப்பட்டது. நடையின் நன்மைகள் குறித்து அந்தக் குழு மூன்றரை மணி நேரம் உட்கார்ந்து ஆராய்ந்தது. வெளியிலிருந்து நலவாழ்வுப் பயிற்சியாளர் ஒருவரும் வரவழைக்கப்பட்டார். வெள்ளைச் சட்டை, காதோரத்தில் மைக், எந்நேரமும் மாறாத புன்னகை.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. முதுகை நாற்காலியில நல்லா சாச்சுக்குங்க. இப்ப மனசால எழுந்திருங்க. ஆங், உடம்பால இல்ல சார், மனசால! மனசால ஒரு அடி வைங்க. இன்னொரு அடி. இப்ப நீங்க ஒரு கடற்கரையில நடக்கிறீங்க."

ஊழியர்கள் அனைவரும் மிகச் சிறப்பாக நடந்தார்கள். சிலர் கடற்கரையிலேயே குறட்டையும் விட்டார்கள். தலைமை எழுத்தருடைய கால்கள் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுக்க மாட்டாமல் மேசைக்காலை உதைத்தன. தண்ணீர் பாட்டில்கள் கிடுகிடுத்தன. நிலநடுக்கம் என்று யாரோ கத்த, பயிற்சியாளர்தான் முதலில் மேசைக்கு அடியில் புகுந்தார். உடம்பாலேயே.

குழு இரண்டு பரிந்துரைகளை வழங்கியது. தலைமை எழுத்தருக்குக் 'கால் ஓய்விருக்கை' ஒன்று வாங்கித் தர வேண்டும் என்பது முதலாவது. அதில் கணுக்காலுக்கு இரண்டு பட்டைகள் இருக்கும். காலை உள்ளே விட்டுப் பட்டையைப் போட்டுவிட்டால் ஆடாது. அவர் எடுத்துச் சென்று இன்னும் முடியாமலிருந்த கோப்புகள் யாவும் மறுபரிசீலனைக்காக அவர் மேசைக்கே திரும்ப வேண்டும் என்பது இரண்டாவது. நாற்பத்தோரு கோப்புகள் தள்ளுவண்டியில் திரும்பி வந்தன. ஓய்விருக்கை அதற்கு முன்பே வந்துவிட்டது. அலுவலக வரலாற்றில் கேட்ட அதே வாரத்தில் வந்த ஒரே பொருள் அதுதான்.

பகல் முழுவதும் கட்டிப்போட்ட கால்கள் ராத்திரி வட்டியும் முதலுமாக உதைத்தன. நாலாம் நாள் சாயங்காலம் தலைமை எழுத்தர் வீட்டுக்குள் நுழைந்தபோது, கட்டில்மேல் பெட்டி திறந்திருந்தது. மனைவி சீருடைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, வேண்டாம்மா. நான் லீவு போட்டுடறேன். வீட்டிலேயே நடக்கிறேன். நாள் பூரா நடக்கிறேன்."

"லீவு குடுப்பாங்களா?"

"உடம்புக்கு முடியலேன்னா குடுத்துத்தானே ஆகணும்!"

அந்த அம்மாள் மடித்த சீருடையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பாக்கிறேன்" என்றார். பெட்டி மூடப்படவில்லை.

நிர்வாகப் பிரிவு எழுத்தர் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மருத்துவ விடுப்பு கேக்கறீங்க. மருந்துச் சீட்டு எங்க சார்?"

"டாக்டர் மருந்தே வேண்டாம்னுட்டாங்க."

"மருந்து இல்லேன்னா நோய் இல்லேன்னுதானே அர்த்தம்?"

"நோய் இருக்கு. மருந்துதான் இல்ல."

"அப்படின்னா நீங்க மருந்து சாப்பிடலைங்கறதுக்கு ஒரு சான்று வேணும். அதைச் சரிபார்த்தும் குடுக்கணும்."

"சரிபாக்கிற ஆபீஸ் நம்மதுதானே? நம்ம சீட்டுலயே போட்டுடலாமே!"

"சார்!" என்று எழுத்தர் அதிர்ந்து போனார். "தன் சான்றைத் தானே சரிபார்க்கக் கூடாது சார். நீங்க வெளியில போய், பொதுமக்கள் வழியா வாங்க. முடிவு தெரியற வரைக்கும் உங்க சீட்டுல உட்காரவும் கூடாது."

இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாகத் தலைமை எழுத்தர் தன் அலுவலகத்தின் வெளிப்புறத்தைப் பார்த்தார். மூன்றாம் ஜன்னலில் மனுவை நீட்டினார். உள்ளே இருந்த கை, ஏழாம் ஜன்னலைக் காட்டியது. ஏழில் இருந்தவர் மாடிக்குப் போகச் சொன்னார். மாடியில் நகல் கேட்டார்கள். நகலுக்குத் தெருவின் எதிர்ப்பக்கக் கடைக்குப் போய்த் திரும்ப வேண்டும். திரும்பினால் மூன்றாம் ஜன்னல் சாப்பாட்டுக்கு மூடியிருந்தது. திறந்ததும், "நாளைக்கு வாங்க" என்றார்கள். மறுநாள், "நேத்தே வந்திருக்கலாமே" என்றார்கள். மறுபடி ஏழு, மறுபடி மாடி, மறுபடி நகல்.

அப்போதுதான் அந்த அற்புதம் நிகழ்ந்தது. காலில் எறும்பு ஊரவில்லை! மூன்று நாளாக ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை அவர். உட்கார இடமும் கிடையாது. வீட்டுக்குப் போய்க் காலை வெந்நீரில் வைத்து, நீவிவிட்டுப் படுத்தவர், அடித்துப் போட்டாற்போல் தூங்கினார். ஞாயிற்றுக்கிழமை மனைவி பெட்டியிலிருந்து சீருடைகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கினார்.

"அப்படி என்னங்க வைத்தியம் பண்ணாங்க உங்க ஆபீசுல?"

"நடக்க விடறாங்கம்மா" என்றார் தலைமை எழுத்தர். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த வைத்தியத்தின் மகத்துவத்தை என்னவென்று சொல்வது! வயது வரம்பு கிடையாது. கைக்குழந்தையோடும் நடக்கலாம், ஊன்றுகோலோடும் நடக்கலாம். வெயிலும் உண்டு, மாடிப்படியும் உண்டு. நாளுக்கு நாள் தூரம் கூடுமே தவிரக் குறையாது. இடையில் ஒரு நாள் அவருடைய சான்று தவறுதலாகத் தயாராகிவிட்டது. தலைமை எழுத்தருக்கு நெஞ்சு திக்கென்றது. நல்ல வேளையாக, முத்திரையைத் தலைகீழாகக் குத்தியிருந்தார்கள். திருத்தத்துக்கு மூன்றாம் ஜன்னலிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும் என்றார்கள். மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார்.

நடையில் அவருக்கு ஒரு துணையும் கிடைத்தது. ஒரு தச்சர். காது மடலில் பென்சில், சட்டையில் மரத்தூள். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவுவார். எந்த ஜன்னலில் எத்தனை மணிக்குக் கை நீளும் என்பது அவருக்கு மனப்பாடம். அவர் வேகத்துக்கு ஈடு கொடுத்து நடந்ததில் தலைமை எழுத்தருக்குத் தொந்திகூடக் கரைந்துவிட்டது. இப்படியொரு நடையாளிக்கு எத்தனை கடுமையான வியாதி இருக்க வேண்டும் என்று அவருக்கு நெடுநாளாக ஒரு வியப்பு.

நான்காவது வாரத்தில் ஒரு நாள், நகல் கடை வாசலில் நின்றபோது கேட்டேவிட்டார்.

"ஏங்க, உங்களுக்கும் இந்தக் கால் குறுகுறுப்புதானா? எத்தனை வருஷமா?"

தச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கா? கால் நல்லாத்தான் சார் இருந்துச்சு, இந்த ஆபீசுக்கு வர்ற வரைக்கும்."

"அப்புறம் ஏன் இப்படி நடக்கறீங்க?"

"தொழிற்பள்ளியில தச்சு வேலை சொல்லிக் குடுக்கற வாத்தியார் வேலை கிடைச்சிருக்கு சார். சான்றை மட்டும் சரிபார்த்துக் குடுங்கன்னாங்க. நாலு வருஷமாச்சு. பாவம், அவங்களும் ரெண்டு தடவை தவணை குடுத்துட்டாங்க. இந்த வெள்ளிக்கிழமை கடைசி. அதுக்கப்புறம் வேற ஆளு."

"ஃபைலு எங்க இருக்காம்?"

"அதான் சார் வேடிக்கை. போன மாசம் திடுதிப்புன்னு கிளம்பிடுச்சாம். யாரோ ஒரு மகராசன் தன் கையாலேயே தூக்கிட்டு மேசை மேசையாப் போயிருக்கார். கடைசிக் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. என்ன ஆச்சோ, திரும்ப அவர் மேசைக்கே வந்துடுச்சாம். அவரு லீவாம். அவர் வந்தாத்தான் நகருமாம்."

தலைமை எழுத்தர் கையிலிருந்த நகலை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அவருக்குக் காலு சரியில்லையாம் சார், பாவம்" என்றார் தச்சர். "உங்களுக்கு உள்ளே ஆளுங்களைத் தெரியும் போல இருக்கு. பாத்தீங்கன்னா நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க. நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க." சொல்லிவிட்டு, ஏழாம் ஜன்னலில் கை நீளும் நேரமாகிவிட்டதென்று ஓடினார்.

அன்றைக்குத் தலைமை எழுத்தர் காலை வெந்நீரில் வைத்தார், நீவிவிட்டார், படுத்தார். மணி ஒன்றாயிற்று, இரண்டாயிற்று. பக்கத்தில் மனைவி புரண்டு படுத்தார்.

"என்னங்க, இன்னும் முழிச்சிருக்கீங்க? காலு மறுபடி ஆரம்பிச்சிடுச்சா?"

"இல்லம்மா. காலு நல்லா இருக்கு."

"அப்ப தூங்குங்க."

விடியும் வரை அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கால்கள் இரண்டும் துளிக்கூட அசையவில்லை. சான்றுகள் சரிபார்ப்பு அலுவலகத்தில் இருபத்து மூன்று வருடம் உட்கார்ந்திருந்தவருக்கு, நியாயமாகப் பார்த்தால் வேலையில் சேர்ந்த முதல் ராத்திரியே கெட்டிருக்க வேண்டிய தூக்கம், அன்றைக்குத்தான் கெட்டது.